கொடியேற்றத்துக்கு முன் பூசிய சுவர்

வடசென்னையில் காசிமேட்டுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் இடையில் உள்ள குப்பங்கள் ஒன்றில் நிற்கும் சின்ன அந்தோணியார் கோயில் ஒன்றின் பழுதுபார்ப்பு இது. உள்ளளவு 11 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம். ஒன்றரை அடி கனச் சுவர், மெல்லிய நாட்டுச் செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து, மேலே தேக்கு உத்திரம் வைத்த மெட்ராஸ் தளம். ஊர்ப் பெயர் இங்கே தேவையில்லை. இதே அளவில், இதே நோயோடு நிற்கும் கோயில்கள் இந்தக் கரையில் இன்னும் உண்டு.

இவை பிறந்த விதம் பெரிய ஆலயங்களைப் போன்றதல்ல. 1642இல் பிரெஞ்சு கப்புச்சின் துறவி எஃப்ரேம் தெ நெவேர் சென்னப்பட்டினத்தில் மிஷன் தொடங்கினார். மயிலாப்பூர்ப் பக்கம் போர்ச்சுகீசியரின் பதுரவாதோ ஆட்சி, அதாவது போர்ச்சுகல் அரசரின் திருச்சபைப் புரவலர் உரிமை. இரண்டுக்கும் நடுவில் வடக்குக் கரையின் படகுக்காரரும் வலைக்காரரும் தங்கள் கைக்காசில் எழுப்பியவை பல. இராயப்பர் என்பது புனித பேதுருவுக்குப் பழைய தமிழ்ப் பெயர். ராயபுரம் என்ற ஊர்ப்பெயரே அதைச் சொல்லும். சிற்றூர்க் கோயில் முதலில் ஓலைப் பந்தல், பிறகு ஓடு, பிறகு தளம் என்று கைக்காசு சேரச்சேர வளர்ந்திருக்கும். எழுதிய வரைபடம் எதிர்பார்க்க முடியாது. சுவர்தான் ஆவணம்.

கடலும் அன்றிருந்த இடத்தில் இல்லை. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுவதற்குமான கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870களின் நடுவில் துறைமுகச் சுவர்கள் எழத் தொடங்கியதும் அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே கடல் கரையைத் தின்றது. மணல்மேட்டுக்குப் பின்னால் கட்டிய கோயிலுக்கு முன்னால் இன்று கருங்கல் கொட்டிய தடுப்பு மட்டும் இருக்கிறது. அலை கல்லில் மோதித் தெறிக்கும் உப்புத்திவலை நேரே கிழக்குச் சுவருக்கு வருகிறது.

மூன்று தடவை ஏறிய சிமெண்டு

சுவரின் உட்புறம் பார்த்தபோது தரையிலிருந்து மூன்றடிக்குப் பளபளப்பான டைல்ஸ், அதற்கு மேல் ஐந்தடி வரை ஒரு சிமெண்டுப் பூச்சு, அதற்கும் மேல் ஏழடி வரை இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே பழைய காரை, அதாவது சுண்ணாம்புப் பூச்சு, கையை வைத்தால் மாவாக உதிர்ந்தது. அடுக்குகளைப் பார்த்தாலே கதை விளங்கும். முதலில் இரண்டடி உயரத்தில் காரை பொரிந்தது. அதை மறைக்க மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். சில ஆண்டில் டைல்ஸுக்கு மேலே பொரிந்தது. ஐந்தடிக்கு சிமெண்டு பூசினார்கள். பிறகு அதற்கு மேலே. ஒவ்வொரு தடவையும் நோய் மேலே போனது என்று ஊர் நினைத்தது. அதை மேலே அனுப்பியதே மருந்துதான்.

காரணம் எளிது. நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளை வழியே ஏறும். ஏறும் தண்ணீரும் சுவர்ப் பரப்பில் ஆவியாகும் தண்ணீரும் எங்கே சமமாகிறதோ அங்கே நிற்கும். காரை பூசிய சுவரில் அது முழங்கால் அளவு. கீழ்ப்பகுதியை டைல்ஸாலும் சிமெண்டாலும் அடைத்தால் ஆவியாகும் இடம் மேலே தள்ளிப்போகும்; தண்ணீரும் அங்கே வரை ஏறும். கூடவே உப்பும் ஏறும். சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை உறிஞ்சிக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் படிகமாகும். கடலோரச் சென்னையில் அந்த எல்லையை ஈரப்பதம் பல நாட்கள் இரவு ஒரு முறை, பகல் ஒரு முறை கடக்கிறது. ஒவ்வொரு கடப்பிலும் படிகம் செங்கல்லின் துளைக்குள் வளர்ந்து அதன் மேல்தோலை உடைக்கிறது. சிமெண்டு உடையாது, செங்கல் உடையும். தட்டிப் பார்க்கும்போது சிமெண்டுப் பலகை முழுசாக இருந்தது, அதன் பின்னால் ஓரங்குலம் செங்கல் பொடியாகிக் கிடந்தது.

சிமெண்டை ஏன் திரும்பத் திரும்பப் பூசினார்கள் என்றால், அதற்கும் காலண்டரில் பதில் இருக்கிறது. அந்தோணியார் திருநாள் ஜூன் 13. அதற்கு ஒன்பது நாள் நவநாள், அதற்கு முன்னால் கொடியேற்றம். கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். காசிமேட்டுப் படகுகளில் போகிறவர்கள் கரையில் இருப்பதும், கை உதவி கிடைப்பதும் அப்போதுதான். ஆகவே வேலை எப்போதும் மே மாதம் தொடங்கும், ஜூன் முதல் வாரம் முடிந்தாக வேண்டும். சுண்ணாம்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. கத்திரி வெயிலில் பூசிய காரை காய்ந்து போகும், இறுகாது. சிமெண்டு மூன்று நாளில் கெட்டியாகி, எமல்ஷன் அடித்தால் கொடியேற்றத்தன்று புத்தம் புதுசாகத் தெரியும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. தேதிதான் பொருளைத் தேர்ந்தெடுத்தது.

என்ன பார்த்தோம், எப்படிப் பார்த்தோம்

கரணைப் பிடியால் சுவர் முழுதும் தட்டி, வெற்றொலி கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வளைத்தது முதல் வேலை. பிறகு நான்கு உயரங்களில், தரையிலிருந்து 15, 60, 120, 200 செ.மீ.யில், மெதுவாகச் சுற்றும் டிரில்லில் துளையிட்டு, மேற்பரப்பு முதல் 2 செ.மீ., 2 முதல் 5, 5 முதல் 10 என மூன்று ஆழத்துத் தூளைத் தனித்தனியாக மூடிய டப்பாவில் எடுத்தோம். அதே இடத்தில் எடை போட்டு, 105 டிகிரியில் உலர்த்தி மறுபடி எடை போட்டால் ஈரம் தெரியும். உலர்ந்த தூளை வாலை வடிநீரில் கலக்கி வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சில சொட்டு, அதன்பின் வெள்ளி நைட்ரேட்டு ஒரு சொட்டு. உப்பு இருந்தால் பால் போல வெளுக்கும். நைட்ரிக் அமிலத்தை விட்டுவிட்டால் சுண்ணாம்பே வெள்ளி நைட்ரேட்டோடு வீழ்படிவு தந்து ஏமாற்றும். இந்தச் சோதனையில் பலர் தவறும் இடம் இதுதான்.

ஆழத்தைவிட மேற்பரப்பில் உப்பு மிகுதி, 200 செ.மீ. உயரத்தில் எல்லாவற்றையும்விட மிகுதி. தரைமட்டத்தில் குறைவு. கூரை ஒழுகியதால் வந்த ஈரமாக இருந்தால் மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைய வேண்டும். இங்கே ஏழடிப் பூச்சின் விளிம்பை ஒட்டிக் குவிந்திருந்தது.

பழைய சாந்தின் கலவையையும் பார்க்க வேண்டியிருந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் நிற்கும்; எடை போட்டு விகிதம் சொல்லலாம் என்பது பாடப்புத்தக வழி. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்துச் சாந்துக்கு அது பொய் சொல்லும். இங்கே மணலிலேயே கிளிஞ்சல் துண்டு கலந்திருக்கிறது. அதுவும் அமிலத்தில் கரைந்துவிடும். ஒன்றுக்கு மூன்று கலந்த சாந்து ஒன்றுக்கு ஒன்றரை போலக் காட்டும். அந்தக் கணக்கை நம்பிப் பூசினால் சுண்ணாம்பு கூடிச் சுவர் முழுக்க வெடிப்பு. உடைத்த சாந்தை லென்ஸில் வைத்துக் கிளிஞ்சல் துண்டை எண்ணிப் பார்ப்பதுதான் வழி.

தண்ணீர் வரும் வழிகள் மூன்று தெரிந்தன. ஒன்று, வெளியே சாலை. தார் போடும்போதெல்லாம் பழைய மேற்பரப்பைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் மூன்று படி ஏறிப் போன கோயிலுக்கு இப்போது ஒரு படிதான். மழை நின்றால் நீர் சுவரோரம் தேங்கும். இரண்டு, கோயிலைச் சுற்றிப் போட்ட சிமெண்டுத் திண்ணை. அது நிலத்து ஈரத்துக்கு மூடி போட்டுச் சுவர்ப்பக்கம் திருப்பியது. மூன்று, சனிக்கிழமை மாலையில் குடம் குடமாக ஊற்றித் தரை கழுவும் வழக்கம். அதுவும் ஆழ்குழாய்த் தண்ணீர், அதாவது உப்புநீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுகளாக அறிந்த செய்தி. கடலோரக் குப்பத்துக் குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கூரையில் ஏழு டன்

சுவருக்கு முன் கூரை. மெட்ராஸ் தளத்தில் உத்திரத்தின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாகச் சாய்கோணத்தில் அடுக்கி, மேலே மூன்றங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதன் மேல் தட்டையான சுட்ட ஓடு, அதாவது தட்டோடு. ஒழுகியபோது தட்டோட்டைப் பெயர்க்காமல் இரண்டங்குலம் சிமெண்டு கான்கிரீட் போட்டிருந்தார்கள். 60 சதுர மீட்டருக்கு 5 செ.மீ. என்றால் 3 கன மீட்டர். ஏறக்குறைய ஏழு டன். உத்திரம் அதற்காகப் போட்டதல்ல. மேற்குப் பக்கம் மழைநீர்க் குழாய் அடைத்து இரண்டு உத்திர நுனி இற்றிருந்தது.

ஏழு டன்னை எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கீழே சவுக்குக் கம்பில் சாரம் கட்டி ஒவ்வொரு உத்திரத்துக்கும் நடுவிலும் கால் வாசியிலும் முட்டுக் கொடுத்தபின், இரு ஓரத்திலிருந்தும் மாறி மாறி அடிக்கணக்கில் எடுக்க வேண்டும். பெயர்த்ததை நடுவில் குவிப்பது கூடாது. சட்டியில் உடனே இறக்க வேண்டும். பிரேக்கர் எந்திரம் பயன்படுத்தவில்லை. அதன் அதிர்வில் குத்துக்கல் நழுவும்.

இற்ற நுனியை நல்ல மரம் வரும் வரை அறுத்து, அதே தேக்கில் சாய்வெட்டு இணைப்புப் போட்டு, 316 ரகத் துருப்பிடிக்காத போல்ட்டில் இறுக்கினார்கள். சாதாரண இரும்பு போல்ட் இங்கே சில ஆண்டில் துருவேறிப் பருத்து மரத்தைப் பிளக்கும். நுனி சுவருக்குள் உட்காரும் இடத்தில் மூன்று பக்கமும் விரல் கனத்துக்கு இடைவெளி விட்டோம். சாந்து போட்டு அடைத்தால் மறுபடி இறும்.

புதுத் தளத்துக்கு 20 மி.மீ. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, சுருக்கி. சுருக்கிக்கு நன்றாக வெந்த செங்கல் உதவாது. குறைச்சலாகச் சுட்ட செங்கல்லின் தூள்தான் சுண்ணாம்போடு கூடி இறுகும். நான்கங்குலமாகப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, கட்டையால் வரிசையாக அடித்து மூன்றங்குலத்துக்குக் கொண்டுவருவது. அடிக்கும் கட்டை துள்ளித் திரும்ப வேண்டும், தடம் பதியக் கூடாது. அதுவரை நிறுத்தவில்லை, சில நாட்கள் ஆயின. வெல்லத்தை அளவு மீறிச் சேர்த்தால் இறுக்கம் தள்ளிப்போகும், எறும்பும் வரும். முட்டையின் வெள்ளைக்கரு கதைக்கு இங்கே இடமில்லை. அது கூழாங்கல்லில் தேய்த்துப் பளிங்காக்கும் மேற்பூச்சுக்கு உரியது.

சுவர்

டைல்ஸ் பெயர்ப்பதில் தொழில்நுட்பத்தைவிட மனிதர் விஷயம் பெரிது. பல டைல்ஸில் உபயதாரர் பெயர் இருந்தது. அவற்றில் பாதிப் பேர் இறந்தவர்கள். பெயர்த்தபின் அவர்கள் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று பங்குப் பேரவை தயங்கியது நியாயம். எல்லாப் பெயரையும் ஒரே கருங்கல்லில் வெட்டி, சுவரில் பதிக்காமல், வாசல் அருகே இரண்டு காலில் நிறுத்துவது என்று முடிவானது. அந்தக் கல் நிற்கிற வரை டைல்ஸில் ஒரு உளியும் படவில்லை. இந்த வரிசையை மாற்றினால் வேலை பாதியில் நிற்கும்.

பொங்கல் முடிந்ததும் சிமெண்டை எடுக்கத் தொடங்கினோம். மெல்லிய உளி, சின்னச் சுத்தியல். ஓரத்திலிருந்து நெம்புவதுதான், நேரே குத்துவதில்லை. உப்பு ஏறி நின்ற கோட்டுக்கு மேலும் அரை மீட்டர் வரை உரித்து, இணைப்புச் சாந்தை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தோம். தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் மேலே வந்த உப்பு மறுபடி உள்ளே போகும். விழும் தூளை அன்றன்றே கூட்டி வெளியே கொண்டுபோனார்கள்.

பிறகு காகிதக் கூழ். அச்சடிக்காத காகிதத்தை ஆர்.ஓ. தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து இடித்து, வெள்ளைக் களிமண் சேர்த்து, 15 மி.மீ. கனத்துக்குச் சுவரில் அப்பினோம். பத்துப் பதினைந்து நாளில் காய்ந்து தானே விளிம்பு தூக்கும். அப்போது உரிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே உரித்தால் உப்பு சுவரிலேயே நிற்கும். உரித்த கூழை மறுபடி ஊறவைக்கலாமே என்று கேட்பார்கள். அதில் இருப்பது சுவரின் உப்பு. மூன்று சுற்று போட்டபின் வெள்ளி நைட்ரேட்டில் பால் நிறம் போய் மங்கல் மட்டும் நின்றது. முழுக்கத் தெளிந்த நீர் வரும் வரை போடுவது வீண். நிலத்திலிருந்து புதுசு வந்துகொண்டே இருக்கும்.

அதற்குள் ஏப்ரல். இங்கேதான் வழக்கத்தை உடைத்தார்கள்: அந்த ஆண்டுத் திருநாளை வெறும் செங்கல் சுவரோடு கொண்டாடுவது. பீடத்துக்குப் பின்னால் மட்டும் மூங்கில் சட்டத்தில் துணி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. நவநாளும் சப்பரமும் வழக்கம் போல நடந்தன. திறந்த சுவருக்கு ஜூலை வரையிலான அந்த மாதங்கள் உலரும் காலமாகின. இதைவிடப் பயனுள்ள முடிவு இந்த வேலையில் வேறு இல்லை.

வெளியே சிமெண்டுத் திண்ணையை உடைத்து, சுவரை ஒட்டி ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி 40 மி.மீ. ஜல்லி நிரப்பினோம். வெறும் ஜல்லி, மேலே எதுவும் மூடவில்லை. அடித்தளத்துக்குக் கீழே தோண்டக்கூடாது என்பதால் முதலில் ஓரிடத்தில் குழி வெட்டி அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று பார்த்த பிறகே. சுவரில் வரிசையாகத் துளையிட்டு ரசாயனம் ஏற்றி ஈரத்தைத் தடுக்கும் முறையையும் சொன்னவர்கள் உண்டு. உள்ளே உடைகல்லும் சாந்தும் நிரப்பிய பழஞ்சுவரில் ரசாயனம் பொந்துகளில் ஓடி வீணாகும். அந்தக் காசுக்கு ஜல்லிக்குழி மேல்.

பூச்சுக்குக் கணக்கு:  அடிப்பூச்சு 12, மேற்பூச்சு 8, மொத்தம் 20 மி.மீ. கனம்.  விகிதத்தை மணலே சொல்லும். பத்து லிட்டர் வாளியில் உலர்ந்த மணலை நிரப்பி, மேலே நீர் தளும்பும் வரை அளந்து ஊற்றினால், உள்ளே போன நீர் மணலின் இடுக்கு அளவு. சுண்ணாம்புக் குழைவு அந்த இடுக்கை நிரப்பக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். நான்கு லிட்டர் போனது, ஒன்றுக்கு இரண்டரை. கடல் மணல் அறவே கூடாது. எம்-சாண்ட் என்றால் கழுவியது, நுண்தூள் குறைவானது.

சுண்ணாம்பு நீற்றும்போது கல்லைத் தண்ணீரில் போட வேண்டும், கல்லின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போகும். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். பிளாஸ்டிக் டிரம் அந்தச் சூட்டில் இளகும். இரும்பு டிரம் அல்லது செங்கல் தொட்டி. நீற்றியதை வடித்து, மேலே ஓரங்குலம் தண்ணீர் நிற்க மூன்று மாதம் கிடத்தினோம். நீறாத துணுக்கு ஒன்று சிக்கினாலும் பூசிய பிறகு அங்கே நீறிப் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். எல்லா வேலைக்கும் லாரித் தண்ணீர். ஆழ்குழாயைத் திறக்கவே இல்லை.

ஜூலை இறுதியில் அடிப்பூச்சு. பூசிய அன்றே மாலையிலும் மறுநாளும் மணியாஸ் கட்டையால், அதாவது பூச்சைத் தேய்க்கும் மரப்பலகையால், அழுத்தித் தேய்த்தால் முடி வெடிப்பு மூடும், விட்டால் நிலைக்கும். நகத்தால் கீறினால் கோடு விழாத வரை மேற்பூச்சு இல்லை. சாக்கை நனைத்துச் சுவரில் ஒட்டாமல் திரை போலத் தொங்கவிட்டு, பத்து நாள் மூன்று வேளை தெளித்தார்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் கிழக்குச் சுவர் முதலில் காயும். அங்கே நான்கு வேளை. சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள கரியமிலவாயுவை வாங்கி, மிக மெதுவாக. நனைந்து ஊறினாலும் வாங்காது, காய்ந்தாலும் வாங்காது.

செப்டம்பரில் வெள்ளை. நீர்மோர் பதத்தில் ஐந்து பூச்சு, நாளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் முன் சுவரை லேசாக நனைத்து. வெள்ளையடிக்கும் வாளியில் ஒரு கைப்பிடி உப்புப் போடுவதும் ஃபெவிகால் ஊற்றுவதும் வழக்கம். முதலாவது வந்த வேலையையே கெடுக்கும், இரண்டாவது சுவரின் வாயை மறுபடி மூடும். நீலம் மட்டும் கொஞ்சம் கலந்தார்கள்.

மழைக்குப் பிறகு

வடகிழக்குப் பருவமழை முடிந்து பார்த்ததில் ஈரக்கோடு இரண்டடிக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே வெள்ளை மீது பூஞ்சை போல உப்பு பூத்திருந்தது. வேலை தோற்றதென்று சிலர் நினைத்தார்கள்; வேண்டியதே அதுதான். உப்பு இப்போது செங்கல்லுக்குள் படிகமாகாமல் காரையில் வந்து பூக்கிறது, காரை தேய்கிறது. அந்த இரண்டடிக் காரை சில ஆண்டுக்கு ஒருமுறை உதிரும். அதை மட்டும் உரித்து, அதே விகிதத்தில், மே மாதத்தில் அல்லாமல் பூச வேண்டும். மிச்ச சுண்ணாம்புக் குழைவை அதற்காகவே மூடிய டிரம்மில் தண்ணீருக்கடியில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாள் கிடந்தாலும் கெடாது, மேம்படும்.

சீரியல் விளக்குக்கும் தோரணத்துக்கும் ஆணி அடிப்பது நின்று, உத்திரத்திலிருந்து கொக்கி தொங்குகிறது. தரை கழுவுவதற்குப் பதில் பிழிந்த துணியால் துடைக்கிறார்கள். சனிக்கிழமை தோறும் சுவரடியில் பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாருவது உபதேசியார் (ஞான உபதேசம் சொல்லித் தருபவர்) வீட்டார் பொறுப்பு. வாரியதைக் கெபியை (சொரூபம் வைத்த குகை மாடத்தை) சுற்றியுள்ள தொட்டிகளில் கொட்டக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறது. முதல் மாதத்திலேயே இரண்டு அரளி கருகின.